நாற்காலிக் கம்பெனியின் பச்சை மூடிக் குப்பிகள்

மனிதன் எழுந்து நின்றதால்தான் நாகரிகம் பிறந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றன. பெரும் பிழை. எழுந்து நின்றவன் வேட்டைக்குப் போனான், அவ்வளவுதான். உட்கார்ந்தவன்தான் அலுவலகம் கண்டான், கூட்டம் கண்டான், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் கண்டான். ஆகவே ஜப்பானின் ஹிதா மலையடிவாரத்துக் கோஷியோகா நாற்காலி நிறுவனம் மனித குலத்துக்கு ஆற்றிவரும் தொண்டை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அந்த நிறுவனத்தின் இதயம் 'அமர்வு மதிப்பீட்டுப் பிரிவு'. வேறோர் உறுப்பைச் சொல்வதுதான் பொருத்தம், ஆனால் ஆண்டறிக்கையில் இதயம் என்றே அச்சாகியிருக்கிறது. பிரிவில் பதினான்கு பேர். தினமும் எட்டு மணி நேரம் புது நாற்காலிகளில் உட்கார்ந்து, உட்கார்ந்த விதத்தை எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்களில் மூத்தவர்களில் ஒருவர் முராகோஷி ததாயோஷி. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருட அனுபவம். இருக்கைப் பஞ்சு இடது பக்கம் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

பிரிவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையில் பதினோரு வருடங்களாக ஒருவருக்கும் ஒரு கோளாறும் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. அறிவிப்புப் பலகையில் 'கோளாறு: பூஜ்யம்' என்று பெரிய எழுத்தில் தொங்கும். இன்னும் ஒரு வருடம் தாண்டினால், வருடத்துக்கு ஒரு விலங்காக எண்ணும் ஜப்பானியப் பஞ்சாங்கத்தின் பன்னிரண்டு விலங்குகளின் சுற்று முழுதாகிவிடும். வட்டாரத் தொழிலதிபர் சங்கம் 'ஆரோக்கியக் கொடி' தரும். அந்தப் பன்னிரண்டாவது வருடம் நாய் வருடம்.

அந்த வருடம் பார்த்து முராகோஷிக்கு மூலம் வந்தது.

வேறு தொழிலில் மூலம் ஒரு நோய். நாற்காலிக் கம்பெனியில் அது ராஜத்துரோகம். மதிப்பீட்டாளருக்கே மூலம் என்றால், மதிப்பிடப்பட்ட நாற்காலியின் கதி என்ன? இதற்கு முன் ஒருவர் வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்த குற்றத்துக்காகப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும்.

முராகோஷி யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய், முகமூடி, கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் மருந்துக்கடையில் நுழைந்தார். கல்லாவைக் கொள்ளையடிக்க வந்தவர் என்று கடைக்காரப் பெண் ஒரு கணம் கையைத் தூக்கினாள். பிறகு அவர் நின்ற விதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கேட்காமலேயே களிம்பை எடுத்து வைத்தாள்.

வீட்டில்தான் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, மூணு நாளா நின்னுக்கிட்டே சாப்பிடுறீங்க?" என்றாள் மனைவி சுமியே.

"முதுகுக்கு நல்லதாம்."

"முதுகுக்கா, முதுகுக்குக் கீழயா?"

முராகோஷி மிசோ சூப்பைக் கீழே வைத்தார். சுமியே சிரிக்கவில்லை. அதாவது, உடனே சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு. மூலம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது அல்ல. எல்லோருக்கும் மலவாயின் உள்ளே இரத்த நாளங்களால் ஆன சிறு மெத்தைகள் உண்டு. குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம்போல அவை கசிவில்லாமல் மூடி வைக்கின்றன. கழிவறையில் முக்கும்போது, மணிக்கணக்கில் உட்காரும்போது, மலம் இறுகும்போது, அந்த மெத்தைகளில் இரத்தம் தேங்கி வீங்குகிறது, கீழே சரிகிறது. உள்ளே வீங்கினால் பெரும்பாலும் வலிக்காது, பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் மட்டும் வரும். வெளியே வீங்கினால் வலிக்கும். ஆக, உலகின் முதல் மெத்தை நாற்காலியை இயற்கை மனிதனுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறது. கோஷியோகா நிறுவனம் அதன் மேல் இன்னொன்றைப் போட்டு அழுத்துகிறது.

சுமியே மதியம் வரை ஒரு சோபா நூடுல்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். வேகும் பதம் தெரிந்தவள். அன்றே சட்டம் போட்டாள்.

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வெதுவெதுன்னு தண்ணியில கால் மணி நேரம் உக்காரணும். கொதிக்கக் கொதிக்க இல்ல. சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. துடைக்கும்போது ஒத்தி எடுக்கணும்."

"சரி."

"வெள்ளைச் சோறு குறைச்சாச்சு. பார்லி சோறு, கோபோ கிழங்கு, புளிக்க வெச்ச சோயா நாட்டோ. தண்ணி நெறைய. அவசரமா வந்தா அடக்கக் கூடாது."

"கூட்டம் நடக்கும்போது வந்தா?"

"கூட்டத்தை அடக்குங்க. அப்புறம் போனு. கழிப்பறைக்குள்ள போன் கொண்டு போறதை இன்னையோட நிறுத்துங்க."

இதற்குத்தான் முராகோஷி கொஞ்சம் கண் கலங்கினார். அந்த வீட்டுக் கழிவறை இருக்கை சூடானது, வெந்நீர் பீச்சக் கூடியது, ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடையின் சலசலப்பும் கேட்கும். அதில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து செய்தி படிப்பதுதான் அவருடைய ஒரே உல்லாசப் பயணம். அந்த நாற்பது நிமிடமும் ஓட்டை உள்ள நாற்காலியில், தாங்கல் இல்லாமல், அந்த மெத்தைகள் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது, இருபத்தாறு வருட அமர்வு நிபுணரான அவருக்குத் தோன்றவே இல்லை. சுமியே ஐந்து நிமிடக் கெடு வைத்தாள். பீச்சும் வேகத்தைக் குறைத்தாள். முழங்கால் உயர்ந்து வழி நேராகட்டும் என்று காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி போட்டாள்.

பத்து நாளில் வலி போய்விட்டது. சாய்ந்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் சிவப்பு மட்டும் அவ்வப்போது தென்பட்டது.

"களிம்பை ஒரு வாரத்துக்கு மேல போடக் கூடாதுன்னு டப்பாவுலயே எழுதியிருக்கு," என்றாள் சுமியே. "இத்தனைக்கும் மேல ரத்தம் நிக்கலன்னா டாக்டர்தான்."

"கொடி ஏத்தினதும் போறேன்."

"கொடி எங்க ஏத்தப் போறாங்க, அங்கயா?"

அந்த வாரம்தான் நிறுவனத்தில் ஆண்டுப் பரிசோதனைக்காகப் பச்சை மூடிக் குப்பிகளை விநியோகித்தார்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இரண்டு. இரண்டு வெவ்வேறு நாட்களின் மலத்திலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் குடலில் இருக்கும் கட்டி தினமும் இரத்தம் சிந்துவதில்லை. மூடியைத் திருகினால் கூடவே ஒரு குச்சி வரும். நுனியில் நுணுக்கமான பள்ளங்கள். அதை மலத்தின் மேல் பல இடங்களில் தேய்த்து, திரும்பக் குப்பிக்குள் செருகினால், உள்ளே இருக்கும் குறுகிய வாய் உபரியை வழித்துவிடும். தலைவர் ஆனாலும் கடைநிலை ஊழியர் ஆனாலும் ஒரே அளவுதான் உள்ளே போகும். ஜனநாயகம் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் செயல்பட்டதில்லை. ஆய்வகத்தில் அதோடு சேரும் மருந்து மனித இரத்தத்தை மட்டும் அடையாளம் காணும். முந்தின நாள் சாப்பிட்ட மாட்டிறைச்சியைக் கண்டு ஏமாறாது. கண்ணுக்குத் தெரியாத துளியையும் விடாது.

முராகோஷி விளக்கத் தாளை நான்கு முறை படித்தார். கண்ணுக்குத் தெரியாத துளி! அவருடையதோ மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

பதினோரு வருட பூஜ்யம். பதிமூன்று சகாக்கள். ஒரு கொடி. எல்லாம் அவருடைய ஒரு வீங்கிய நாளத்தில் தொங்கின.

"சுமியே, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"ரெண்டு நாளைக்கு... உன்னோடது கொஞ்சம் தர முடியுமா?"

"எது?"

அவர் குப்பியைக் காட்டினார். சுமியே அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவனையும் அதேபோல் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு உங்கம்மா ஒரு பட்டியல் கொடுத்தாங்க, என்னென்ன செய்யணும்னு. அதுல இது இல்லையே."

"பிரிவோட மானம், சுமியே."

"உங்க பிரிவோட மானம் என் வயித்துலயா இருக்கு?"

"நீ நடக்கிறவ. கோபோ சாப்பிடுறவ. உனக்கு ஒரு குறையும் கிடையாது. உன்னோடது தங்கம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் காதல் வசனம் அதுதான். சுமியே இரண்டு நாட்கள் கொடுத்தாள். முராகோஷி தன் பெயரையும் ஊழியர் எண்ணையும் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டி, இரண்டு கைகளாலும் ஏந்தி, நிறுவனச் செவிலியர் இஸோபே-சானிடம் தலை குனிந்து ஒப்படைத்தார்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. மேலே சிவப்பு முத்திரை. 'விரிவான பரிசோதனை தேவை.'

பிரிவுத் தலைவர் ஒகிட்சு உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மூன்று பேர்: அவர், முராகோஷி, இஸோபே-சான். நடவடிக்கைக் குறிப்பு எழுத ஆள் வேண்டாம் என்று அவர் சொன்னது அந்த நிறுவன வரலாற்றிலேயே முதல் முறை.

"பயப்படாதே முராகோஷி. உனக்கு மூலம். உன் நடையிலயே தெரியுது. இன்னொரு குப்பி கொடுத்துடு. இந்தத் தடவை ரத்தம் படாத பக்கமாப் பாத்து எடு."

"அப்படிச் செய்யக் கூடாது," என்றார் இஸோபே-சான். "ஒரு தடவை ரத்தம்னு வந்துட்டா, குழாய் விட்டுக் குடலைப் பாத்துடணும். மறுபடி எடுத்து இல்லன்னு வந்தா, அன்னைக்கு வரலன்னுதான் அர்த்தம். மூலம்தான்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. மூலம் இருக்கிறவங்களுக்கும் உள்ள வேற ஒண்ணு இருக்கலாம்."

"இஸோபே-சான், நீங்க உடம்பைப் பத்திப் பேசுறீங்க. நான் ஆரோக்கியத்தைப் பத்திப் பேசுறேன்."

முராகோஷி தலையாட்டிக்கொண்டே கேட்டார். உள்ள வேற ஒண்ணு. தலையாட்டல் நின்றது. அந்தக் குப்பிக்குள் இருந்தது அவர் அல்ல.

"தலைவரே, அது என்னோடது இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நெசமாவே என்னோடது இல்ல!"

"நல்லது. அந்த மனப்பான்மைதான் வேணும். திங்கட்கிழமைக்குள்ள புதுக் குப்பி."

முராகோஷி வாழ்க்கையில் முதல் முறையாக அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சுமியேயின் நூடுல்ஸ் கடைக்கு ஓடினார். ஓடக் கூடிய உடம்பு அல்ல. ஓடினார். சுமியே பின்கட்டில் முள்ளங்கி துருவிக்கொண்டிருந்தாள். உறையை வாங்கிப் படித்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"இவ்வளவு பாடுபட்டும் மாட்டிக்கிட்டீங்களா?"

அவர் சிவப்பு முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் முள்ளங்கியைக் கீழே வைத்தாள்.

"ஆனா எனக்கு மூலமே இல்லையேங்க."

"அதான்," என்றார் முராகோஷி.

அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் கீழ், நகராட்சி அனுப்பிய குடல் பரிசோதனைச் சீட்டுகள் மூன்று பயன்படாமல் இருந்தன. சுமியேயின் பெயரில், வருடத்துக்கு ஒன்று. நிறுவனத்தின் ஆரோக்கியம் ஊழியரோடு முடிந்துவிடும். ஊழியருக்குச் சோறு போடுகிறவரின் ஆரோக்கியம் நகராட்சியின் பொறுப்பு. அவளுக்கோ எப்போதும் ஏதோ ஒரு வேலை இருந்தது. அந்த மாதம் அது அவருடைய மூலம்.

டாக்டர் உசாமியின் மருத்துவமனை நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறது. 'மலவாய் - குடல்' என்ற பலகை இரண்டு மாடி உயரம், சரியாக நிறுத்தத்துக்கு எதிரே. பலர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பார்கள். அன்று அந்தத் தம்பதியர் நேராக இறங்கினார்கள்.

டாக்டர் உசாமி அறுபது வயதுப் பெண்மணி. முராகோஷியைச் சுவரைப் பார்த்து இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். முப்பது நொடி. இத்தனை நாள் பயம் முப்பது நொடியில் தீர்ந்தது.

"உள்மூலம். வெளிய வந்தாலும் தானா உள்ள போயிடுது. வீட்டு வைத்தியம் யார் சொன்னது?"

"மனைவி."

"அருமையாச் செஞ்சிருக்காங்க. அதையே தொடருங்க. ஆனா எப்ப வந்திருக்கணும் தெரியுமா? ஒரு வாரம் பாத்தும் நிக்கலன்னா. ரத்தம் கருப்பா இருந்தாலோ, மலத்தோட கலந்து வந்தாலோ. போற பழக்கம் திடீர்னு மாறினா, எடை குறைஞ்சா, தலை சுத்தினா. காய்ச்சலோட வலிச்சா அன்னைக்கே. உங்க வயசுல புதுசா ரத்தம் வந்தா, மூலம்னு தெரிஞ்சாலும் உள்ள ஒரு தடவை பாத்துடணும். நாலு நாள் கழிச்சு வாங்க." பிறகு சுமியே பக்கம் திரும்பினார். "சோதனைச் சீட்டுல உங்க கணவர் பேரு இருக்கு. ஆனா நீங்கதான் கையைப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. என்ன விஷயம்?"

சொன்னார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். "முதல்ல உங்களுக்குத்தாம்மா குழாய். ஒரே நாள்ல ரெண்டு பேருமே வாங்க," என்றார்.

குடலைப் பார்க்க வேண்டுமென்றால் குடல் காலியாக இருக்க வேண்டும். அதற்காகப் பரிசோதனை நாள் காலையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அது உள்ளே தங்காமல், வழியில் இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு, தெளிந்த நீராகும் வரை வெளியேறும். எளிமையான தத்துவம். வீட்டில் ஆள் இரண்டு, கழிவறை ஒன்று என்ற கணக்கை மட்டும் அந்தத் தத்துவம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏங்க, முடிஞ்சுதா?"

"இப்பத்தான் உள்ள வந்தேன்!"

"நான் இருபது வரைக்கும் எண்ணுவேன்."

"நீதானே அஞ்சு நிமிஷம் கொடுத்த?"

"அது அப்ப. பதினேழு... பதினெட்டு..."

ஓடைச் சலசலப்புப் பொத்தானை இருவரும் மாறி மாறி அழுத்தியதில் அது பழுதாகி, மதியம் வரை தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.

முராகோஷிக்கு உள்ளே ஒன்றுமில்லை, மூலம் மட்டும். சுமியேக்கு ஒரு கட்டி. கட்டைவிரல் நகம் அளவு. குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் கோபோ கிழங்கை முராகோஷிதான் சீவினார். ஒருநாள்கூட மெல்லியதாக வரவில்லை. சுமியே குறை சொல்லாமல் சாப்பிட்டது அவரை இன்னும் பயமுறுத்தியது.

"புற்று ஆரம்பிச்சிருந்தது," என்றார் டாக்டர். "நுனியிலதான். முழுசா எடுத்தாச்சு, வேர் இல்ல. அடுத்த வருஷம் ஒரு தடவை பாக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்."

பஸ்ஸில் வரும்போது சுமியே சொன்னாள்: "உங்க மூலத்துக்கு ஒரு கும்பிடு போடணும்."

மறுநாள் காலைக் கூடுகையில், எல்லோரும் நிறுவன கோஷத்தைச் சொல்லி முடித்ததும், முராகோஷி முன்னால் வந்து தொண்ணூறு டிகிரி குனிந்தார். மூலத்தைச் சொன்னார், குப்பியைச் சொன்னார், சுமியேயைச் சொன்னார். தேநீர் நேரத்தில் மூன்று பேர் தனித்தனியே அவர் பக்கம் வந்தார்கள்.

"மனைவியோடதா கொடுத்தீங்க? நான் மாமியாரோடது. எண்பத்தொண்ணு வயசு, கல்லு மாதிரி இருக்காங்க."

"என் மக வருஷாவருஷம் வருவா. டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டு."

மூன்றாமவர் தன்னுடையது யாருடையது என்று சொல்லாமல், டாக்டர் அம்மா கோபக்காரரா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நிர்வாகம் அன்று மாலையே தீர்ப்பளித்தது. இரத்தம் வந்த மலம் ஊழியருடையது அல்ல. ஆகவே ஊழியரிடம் கோளாறு இல்லை. ஊழியரின் மலம் வந்து சேரவே இல்லை. ஆகவே அதிலும் கோளாறு இல்லை. அவர் இப்போது மருத்துவர் கண்காணிப்பில் இருப்பதால் புதுக் குப்பியும் தேவையில்லை. கோளாறு: பூஜ்யம். நிர்வாகம் என்ற கலையின் சிகரம் இது.

தலைவர் ஒகிட்சு அவரை நாற்காலிக் கிடங்குக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உன்னைப் புத்திசாலின்னு நெனச்சேன். பொண்டாட்டியோடத யாராவது கொடுப்பாங்களா?"

"வேற யாரோடதைக் கொடுக்கிறது?"

"விளக்கத் தாளைப் படிச்சியா இல்லையா? மனுஷ ரத்தத்தைத்தான் அது கண்டுபிடிக்கும். உன் பொண்டாட்டி மனுஷி. அங்கதான் நீ தப்புப் பண்ணின." ஒகிட்சு குரலைத் தாழ்த்தினார். "நான் கொமுகியோடது கொடுக்கிறேன்."

கொமுகி தலைவர் வீட்டு ஷிபா நாய். வருடந்தோறும் அவர் அனுப்பும் புத்தாண்டு அட்டையில் சிரிக்கும்.

"பன்னிரண்டு வருஷமாவா?"

"குட்டியிலேருந்து. ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்ல."

கிடங்கில் முந்நூறு நாற்காலிகள் இருந்தன. தலைவர் நின்றுகொண்டே பேசுவதை முராகோஷி அப்போதுதான் கவனித்தார்.

"தலைவரே, உங்களுக்கு எத்தனை நாளா ரத்தம்?"

ஒகிட்சு ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "நாள் கணக்கு இல்ல. ரெண்டு வருஷம். இப்பக் கொஞ்சம் கருப்பா."

முராகோஷி சட்டைப்பையிலிருந்து டாக்டர் உசாமியின் முகவரி அட்டையை எடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்து, எழுத்து எதிரே இருப்பவர் பக்கம் இருக்குமாறு திருப்பி, குனிந்து நீட்டினார். அப்படி நீட்டப்பட்ட அட்டையை வாங்காமல் விட ஒகிட்சுவின் முப்பது வருட அலுவலகப் பயிற்சி இடம் கொடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கினார், குனிந்தார். பிறகு, "விழா முடியட்டும்," என்றார்.

கொடியேற்று விழாவுக்கு முற்றத்தில் இருநூறு புது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிறுவனத் தலைவர் ஒலிபெருக்கியில், "தயவுசெய்து அமருங்கள்," என்றார். ஊழியர்கள் அமர்ந்தார்கள். குடும்பத்தினர் அமர்ந்தார்கள். முராகோஷியும் சுமியேயும் பக்கத்தில் பக்கத்தில் சௌகரியமாக அமர்ந்தார்கள். முன்வரிசையில் அமர்வு மதிப்பீட்டுப் பிரிவின் மற்றப் பதிமூன்று பேரும் அமரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

நிறுவனத் தலைவர் அவர்களைக் கைகாட்டினார். "பாருங்கள், கொடிக்கு எவ்வளவு மரியாதை!"

கைத்தட்டல் வானைப் பிளந்தது. சங்கத்தின் பிரதிநிதி பாராட்டுப் பத்திரத்தை வாசித்தார்: "பன்னிரண்டு ஆண்டுகளாக இப்பிரிவினர் எவரிடமும் மனித இரத்தம் காணப்படவில்லை." அந்த நேரம், புகைப்படத்துக்காக ஒகிட்சுவின் மனைவி அழைத்து வந்திருந்த கிழட்டுக் கொமுகி அவர் பிடியிலிருந்து நழுவி, காலியாக இருந்த பிரிவுத் தலைவரின் கௌரவ நாற்காலியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுகமாக உட்கார்ந்தது.

முராகோஷி மனைவியின் காதில் கொமுகியின் குப்பி விஷயத்தைச் சொன்னார். சுமியே நாயைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்த பதிமூன்று முதுகுகளையும் பார்த்தாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது.

"அப்ப இந்த நாய் ஒண்ணுதான் உங்க பிரிவுல தன்னோடதத் தானே கொடுத்திருக்கு. கொடியை அது கழுத்துல கட்டிட்டு, மிச்சப் பதிமூணு பேரையும் இப்பவே பஸ் ஏறச் சொல்லுங்க."